இருநூற்று நாற்பது முட்டையும் ஒரு முன்சீட்டும்

புதுச்சத்திரத்துப் பக்கம் நாச்சிமுத்துவுக்கு அந்த நாளில் ஒரு பெயர் இருந்தது: உடைக்காத டிரைவர். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு பாலக்காடு போய் இறக்கும்போது மற்ற லாரிகளில் அட்டைக்கு ஒன்றிரண்டாவது கீறல் விழுந்திருக்கும். ஓர் அட்டைக்கு முப்பது முட்டை. நாச்சிமுத்து ஓட்டி வந்த லாரியில் பத்து அட்டைக்கு ஒன்று இருந்தால் அதிகம். அவர் திரும்பி வரட்டும் என்று சரக்கை ஒருநாள் நிறுத்தி வைத்த வியாபாரிகள் உண்டு.

அவரும் மற்றவர்களைப் போல வேகமாகத்தான் போவார். ஆனால் பள்ளம் வருவதற்கு முன்பே காலை எடுத்துவிடுவார். பள்ளத்துக்குள் பிரேக்கை மிதிக்கமாட்டார். பின்னால் அடுக்கிய அட்டைகள் உரசும் சத்தத்தை இன்ஜின் இரைச்சலுக்கு நடுவிலும் அவர் காது பிரித்தெடுக்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கிளீனராக ஏறிய பத்தொன்பதாம் வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, சொந்தக் காட்டு நிலத்திலேயே ஆயிரத்து ஐந்நூறு கோழிகளோடு பண்ணை போட்டார். போட்டது அவர் என்று ஊர் சொல்லும். நடத்தியது பாதிக்கு மேல் அவர் மனைவி வள்ளியாத்தாள். தீவனம் கலப்பது, தண்ணீர் காட்டுவது, சீக்குக் கோழியைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்து விடுவது எல்லாம் அவள் கை. நான்கைந்து வருஷத்தில் இன்னொரு கொட்டகை போடும் அளவுக்குப் பணம் சேர்ந்தது.

எண்பத்து நான்கு ஐப்பசியில் மழை ஈரத்தில் வள்ளியாத்தாள் தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து வழுக்கி விழுந்தாள். முதுகெலும்புக்கு நடுவே ஜவ்வு விலகியிருக்கிறது என்றார் சேலத்து டாக்டர். மூன்று மாதம் பலகையில் படுத்துக் கிடந்து எழுந்தாள். எழுந்த பிறகு வீட்டுக்குள் நடமாடினாள், நின்றபடி சமைத்தாள், கொட்டகை வரைக்கும் போய் வந்தாள். ஆனால் பஸ்ஸில் ஒரே ஒரு தடவைதான் ஏறினாள். ராசிபுரம் போவதற்குள் முகம் வெளுத்து, பல்லைக் கடித்து, கடைசியில் வழியிலேயே இறங்கி ஒரு புளியமரத்தடியில் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் அவள் காட்டு வேலியைத் தாண்டவில்லை. கேட்டால், "எனக்கு எங்கீங்க போவோணும்? எல்லாம் இங்கயே இருக்குது" என்பாள். நாச்சிமுத்து வற்புறுத்தியதில்லை. அது நல்லதென்று நினைத்திருந்தார்.

எண்பத்தாறு கார்த்திகையில் ஆட்டையாம்பட்டியிலிருந்து அவள் தங்கை ஆத்தாயி வந்தாள். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தாள். தாம்பாளத்தை அக்கா கையில் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, நீ தூக்கி வளத்த புள்ள. நீ இல்லாம அவளை மணையில ஒக்கார வெக்கறதா?"

"அழுவாத சாமி. இங்கிருந்தே நல்லாருன்னு சொல்றேன். காதுல உழாதா?"

"உழாது" என்றாள் ஆத்தாயி.

வள்ளியாத்தாள் சிரித்தாள். தங்கை போன பிறகு அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் வெகுநேரம் மறந்துபோய் நின்றிருந்தது. நாச்சிமுத்து அதைப் பார்த்தார். அன்றைக்கே கார் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் இரண்டு கார்கள் தோதாக வந்தன. ஒன்று ராசிபுரத்து வக்கீல் ஒருவர் நன்றாக வைத்திருந்த பழைய அம்பாசிடர், முப்பதாயிரம். இன்னொன்று, மேட்டூரில் கம்பெனி அதிகாரி ஒருவருக்குப் பதிவு முறையில் வந்து ஆறே மாதம் ஓடிய புது வகைக் குட்டிக் கார். அவருக்கு வடக்கே மாற்றலாகியிருந்தது. புதிதாகப் பதிவு செய்தால் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டிய வண்டி என்பதால் வாங்கிய விலைக்கு மேலேயே வைத்து, எழுபத்தையாயிரம் கேட்டார். கையில் இருந்தது கொட்டகைக்கு என்று சேர்த்த எண்பதாயிரம். அம்பாசிடரை வாங்கினால் கொட்டகையில் பாதியாவது எழும்பும்.

வள்ளியாத்தாளின் தம்பி செங்கோட்டையன் இரண்டு லாரி வைத்திருந்தவன். இரும்பை எடை போட்டே விலை சொல்லுகிற ஆள்.

"ஏனுங்க மாமா, எழுபத்தஞ்சு குடுத்துத் தீப்பெட்டி வாங்கப் போறீங்களா? இந்தப் பக்கம் நாலு பேரு ஏறுனா அந்தப் பக்கம் நாலு பேரு எறங்கோணும்."

"நாலு பேரு எதுக்கு மாப்ள? உங்கக்கா ஒருத்தி அலுங்காம போனாப் போதும்."

"அலுங்காம போவோணும்னாக் கனமான வண்டி வேணுமுங்க. சின்ன வண்டி துள்ளும்."

"துள்ளுதா இல்லையான்னு பாத்துட்டாப் போவுது."

பார்ப்பதற்கு நாச்சிமுத்துவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு நாள் காலையில் வக்கீலின் காரை இரவல் வாங்கி வந்து பின்சீட்டில் எட்டு அட்டை முட்டையை அடுக்கினார். ஆண்டகளூர் கேட் வரை தார் ரோட்டில் போய், அங்கிருந்து வெண்ணந்தூர் பக்கம் மண்பாதையில் கொஞ்ச தூரம் விட்டு, அதே வழியில் திரும்பினார். இறக்கியதும் பெருமாயியிடம் கொடுத்தார். பண்ணையில் முட்டை பிரிப்பவள் அவள். இரண்டிரண்டாகக் கையில் எடுத்து லேசாகத் தட்டிப் பார்ப்பாள். நல்ல முட்டை கணீரென்று பேசும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் அடைத்துப்போகும். இருநூற்று நாற்பதையும் தட்டினாள்.

"ரெண்டுங்கண்ணா."

மறுவாரம் மேட்டூர்க்காரர் தன் காரை ஒரு நாள் விட்டுப் போனார். அதே எட்டு அட்டை, அதே பாதை, அதே வேகம். பின்சீட்டு கொஞ்சம் குறுகல் என்பதால் முன்சீட்டை நகர்த்தித்தான் அட்டைகளை உள்ளே கொண்டுபோக முடிந்தது. சீட்டுப் பக்கத்தில் இருந்த பிடியைத் தூக்கியதும் முதுகுச் சாய்வு முழுக்கப் பின்னால் சரிந்து அவர் கையை இடித்தது. "இது வேற" என்று சலித்துக்கொண்டு அதை நிமிர்த்தி வைத்தார்.

பெருமாயி தட்டி முடித்துவிட்டுச் சொன்னாள். "இதுலயும் ரெண்டுங்கண்ணா. மிஞ்சுனா மூணு. அந்த மூணாவது நான் எறக்கறப்பக் கீறியிருக்கும்."

இரண்டு காரும் ஒன்றுதான். அப்புறம் என்னத்துக்கு இரண்டு மடங்குக்கு மேலே கொடுப்பது? செங்கோட்டையனுக்கு ஒரே சந்தோஷம். "கோழியே சொல்லிருச்சு மாமா" என்றான். நாச்சிமுத்துவும் சரியென்றார். முட்டை சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வள்ளியாத்தாளை ஒரு நடை உட்கார வைத்துப் பார்த்துவிடலாம் என்று வக்கீலின் காரை மறுபடி வாங்கி வந்தார். அவள் நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் தலையணை போட்டிருந்தது. செங்கோட்டையன் முன்னால் ஏறிக்கொண்டான். நாச்சிமுத்து அன்று ஓட்டியதைப் போலத் தன் வாழ்நாளில் ஓட்டியதில்லை. ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் ஆண்டகளூர் கேட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போதே பின்னாலிருந்து அடங்கிய குரல் வந்தது.

"ஏனுங்க, சித்த நிறுத்துங்க."

வண்டியை ஓரம் கட்டினார். கதவைத் திறந்தபோது அவள் சீட்டின் விளிம்பைப் பிடித்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை.

"வண்டி ஆடவே இல்லீயே புள்ள" என்றார். குரலில் கோபம் இருந்தது, அது யார் மேல் என்று தெரியாத கோபம்.

"ஆடலீங்க. நல்லாத்தான் ஓட்டுனீங்க."

"அப்பறம்?"

"சும்மா நிமுந்து ஒக்காந்திருந்தாலே வலிக்குதுங்க."

"படுத்துக்க அக்கா, சீட்டு நீளமாத்தான இருக்குது" என்றான் செங்கோட்டையன்.

"பொணமாட்டம் படுத்துக்கிட்டா கல்யாணத்துக்குப் போறது? போடா."

நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இருநூத்தி நாப்பது முட்டையில ரெண்டுதான் புள்ள கீறுச்சு" என்றார்.

அந்த வலியிலும் வள்ளியாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. "முட்டைக்கு ஏதுங்க இடுப்பு?"

அவர் ரோட்டோரத்தில் அப்படியே நின்றார். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு வருஷமாக அவள் வலியைப் பற்றி டாக்டரைக் கேட்டிருக்கிறார், வைத்தியரைக் கேட்டிருக்கிறார், இப்போது கோழி முட்டையைக் கூடக் கேட்டாகிவிட்டது. அவளைக் கேட்டதில்லை. வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். எப்படி வலிக்கிறது என்று கேட்டதில்லை. கார் கதவுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தி உட்கார்ந்தார்.

"சொல்லு புள்ள. எப்படி இருந்தா வலிக்கறதில்ல?"

இதை ஒருவர் கேட்பார் என்று எதிர்பாராதவள் போல அவள் மெல்லச் சொன்னாள். "ஊட்டுல கட்டல்ல தவுட்டு மூட்டையை முதுகுக்கு வெச்சு, காலை நீட்டிச் சாஞ்சிருக்கறேன் பாருங்க. முழுசாப் படுக்காம, முழுசா ஒக்காராம. அப்படி இருந்தா எத்தனை நேரமானாலும் வலி தெரியறதில்லீங்க."

மேட்டூர்க்காரரின் காரில் தன் கையை இடித்த அந்தச் சாய்வு நாச்சிமுத்துவின் நினைவுக்கு வந்தது.

மறுநாளே மேட்டூர் பஸ் ஏறினார். காரை இன்னும் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்து பண்ணை வாசலில் நிறுத்தி, முன்சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, சாய்வைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை சாயோணும்னு நீயே சொல்லு" என்றார்.

வள்ளியாத்தாள் அசையவில்லை. "முன்னாலயா?"

அதுதான் சிக்கல். அந்தப் பக்கத்தில் கார் வைத்திருந்த குடும்பங்களில் முன்சீட்டு ஆம்பளைகளுக்கு. மாமனாரோ மச்சானோ முன்னால் உட்காருவார்கள். கார் எத்தனை காலியாகப் போனாலும் பெண்கள் பின்னால்தான். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மாற்றியதுமில்லை. நாச்சிமுத்து பின்சீட்டில் மட்டும் முட்டையை வைத்துப் பார்த்ததற்கும் அதுவே காரணம். பெண்சாதி உட்காரும் இடம் அதுவென்று அவர் யோசிக்காமலே முடிவு செய்திருந்தார்.

"ஊர்ல என்ன மாமா சொல்லுவாங்க?" என்றான் செங்கோட்டையன். "அக்கா முன்னால சாஞ்சுக்கிட்டு வந்தா, கட்சித் தலைவரு வாராருன்னு மாலை தூக்கிட்டு வருவானுக."

"வரட்டுமே. மாலை நமக்கு மிச்சம்" என்றார் நாச்சிமுத்து. பிறகு மனைவியைப் பார்த்தார். "லாரியில இருவது வருசம் எம் பக்கத்துல கிளீனரு ஒக்காந்தானே. நீ ஒக்காந்தா என்ன?"

"அப்ப நாங் கிளீனருங்களா?"

"கிளீனருக்குச் சம்பளம் குடுக்கோணும். உனக்கு அதுவும் இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே முதலில் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் கீழ. ம், கொஞ்சம் ஒசக்க. அங்கயே வையுங்க." அவர் பிடியை விட்டார்.

கிளம்பினார்கள். ஆண்டகளூர் கேட் வந்தது. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. வேறென்னவோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ரோடு இப்படியா வரும்?"

"எப்படி?"

"பஸ்ஸுல சன்னலோரம் ஒக்காந்தா மரமெல்லாம் நம்மள உட்டுட்டுப் போவும். இங்க எல்லாம் நம்மகிட்ட வருது." சொல்லி முடிக்கும் முன் கையை நீட்டினாள். "ஆடு, ஆடு! பாத்துங்க!"

ஆடு ஒரு பர்லாங்கு தள்ளி இருந்தது. இருபது வருஷம் லாரி ஓட்டியவர் உடனே வேகத்தைக் குறைத்தார்.

வெண்ணந்தூர் தாண்டித் திரும்பி வீடு வரும் வரை ஒன்றே முக்கால் மணி நேரம். இறங்கியதும் அவள் நேராக நின்றாள். "வலிக்குது. தாங்கற வலிதான்" என்றாள். நாச்சிமுத்துவுக்கு அந்த உண்மை பிடித்திருந்தது. வலிக்கவேயில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார். எழுபத்தையாயிரத்தையும் எண்ணிக் கொடுத்தார். இரண்டாவது கொட்டகைக்குக் கடைக்கால் தோண்டிய குழியில் அந்த வருஷம் எருக்கு முளைத்தது.

தை மாதம் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே போய்விட்டார்கள். ஆட்டையாம்பட்டித் தெருவில் தறிச் சத்தத்துக்கு நடுவே கார் நுழைந்தபோது சிலர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வள்ளியாத்தாள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நேராகவே பார்த்தாள். ஆத்தாயி ஓடிவந்து கதவைத் திறந்தாள். மறுநாள் மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் வள்ளியாத்தாள் நின்றுகொண்டே எல்லாம் செய்தாள். குனிய முடியாததால் பெண்தான் ஒவ்வொரு முறையும் முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். வள்ளியாத்தாள் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்பக் காதுல உழுந்துதா?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டாள். ஆத்தாயி மறுபடி அழுதாள்.

திரும்பும்போது செங்கோட்டையன், தன் லாரி ஆண்டகளூர் கேட்டில் நிற்கிறது, அதுவரைக்கும் வாரேன் என்றான். பழக்கத்தில் நேராக முன்கதவைத் திறந்தான்.

"மாப்ள" என்றார் நாச்சிமுத்து. "பின்னால."

கல்யாண வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். செங்கோட்டையன் அவர்களைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், முன்கதவை அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஏறிச் சாய்ந்து காலை நீட்டியதும் மெதுவாகச் சாத்தினான். பிறகு பின்னால் போய், தேங்காய் மூட்டைக்கும் தாம்பாளத்துக்கும் நடுவில் முழங்காலை மடக்கிப் புகுந்துகொண்டான்.

ஊர் எல்லை தாண்டியதும் பின்னாலிருந்து முனகல் கேட்டது. "அக்கா, சீட்டைச் சித்த முன்னால தள்ளேன். காலு வெக்க எடமில்ல."

"இல்ல சாமி" என்றாள் வள்ளியாத்தாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இது சரியா இருக்குது."