பசை காயும்வரை

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒருத்தர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசை வாடை வந்ததுமே தவில் வாசித்த சித்தப்பா நினைப்பு வந்துவிட்டது.

துணிப்பட்டையைப் பசையில் நனைத்து, வலது கை விரல்களில் சுற்றிக் கூடு செய்வார். அதை மாட்டித்தான் வாசிக்க வேண்டும். காயும்வரை வெயிலில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருப்பார். இடது கையிலும் பசை.

"மூக்கு அரிக்குது தாயி, சொறிஞ்சு விடு."

நான் வேண்டுமென்றே காதைச் சொறிவேன்.

முப்பது வயதுகூட ஆகாமல் மஞ்சக்காமாலையில் போய்விட்டார். கூட வாசித்தவர் தவிலைக் கேட்டு வந்தார்.

"தவுலக் கொண்டு போங்கண்ணே" என்ற சித்தி, கூடுகளை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டார். "இது அவரு விரலு."

போஸ்டர் ஒட்டியவர் கையெல்லாம் பசையோடு மூக்கைத் தோளில் தேய்த்தார். என் கை தானாக எழும்பி, பாதியில் நின்றது.