துவக்கு நாளைக்குக் காலமை

சென்ற கிழமை அச்சுவேலிச் சந்தையில் வெங்காயக் கடகத்தோடு நின்றபோதுதான் செய்தி வந்தது. எங்கள் கள்ளுத் தவறணை மனேச்சர் மாணிக்கண்ணை காலமாகிவிட்டார். சொன்னவர் அவருடைய மருமகன். வெங்காயத்தை எவரிடம் ஒப்படைத்தேன் என்பதுகூட நினைவில்லை. அழுதுகொண்டு போனேன், பாதி வழியில் சிரிப்பும் வந்துவிட்டது. அவரை அறிந்தவர்கள் இதைக் குற்றமாக எடுக்கமாட்டார்கள்.

தவறணையில் அவர் போட்ட சட்டம் உங்களுக்குத் தெரியும். கத்தியோ துவக்கோ உள்ளே வரக்கூடாது. கத்தியை வாசலில் கொடுத்தால் போகும்போது கிடைக்கும். துவக்கு மறுநாள் காலையில்தான், அதுவும் தலை முழுகிவிட்டு வந்தால். பனையேறிக் கள்ளுச் சீவும் தொழிலாளர் முதலில் முறுகினார்கள். பிறகு அவர்களுடைய பாளைக்கத்திகள் வாசலில் வரிசையாகத் தொங்கின.

அந்தச் சட்டத்தை அதிகம் நக்கலடித்தவன் நான்தான். மாமரத்து வௌவாலைச் சுட்டு விரட்ட ஐயா லைசன்ஸோடு வைத்திருந்த துவக்கு என் கைக்கு வந்திருந்த காலம், அந்தத் திமிர்.

"சட்டம் போட்டால் சண்டை குறையுமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"சண்டை குறையாது தம்பி. செத்தவீடு குறையும்," என்றார், என் பனையோலைப் பிளாவில் கள்ளை ஊற்றிக்கொண்டே.

எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம். பக்கத்துக் காணிக்காரனான என் மச்சான் நடராசா, எல்லை வேலியின் பூவரசங் கதியால்களைப் பிடுங்கி என் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டான் என்று தவறணைக்குள் வைத்துக் கேள்விப்பட்டேன். அந்நேரம் பார்த்து அவனே உள்ளே வந்தான்.

"இன்னும் ஒரு முழம் போடுவன். என்ன செய்வாய்?" என்றான்.

நான் வாசலுக்கு ஓடி, "என்ரை துவக்கைத் தாங்கோ," என்று கத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், கையில் கிடைத்திருந்தால் சுட்டிருப்பேன். மாணிக்கண்ணை துவக்கை வைத்துப் பூட்டிய அறையின் திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.

"நாளைக்குக் காலமை. முழுகிப்போட்டு வாரும்," என்றார்.

திரும்பி வந்து கள்ளை நடராசாவின் முகத்தில் ஊற்றினேன். அவன் என்னை மணலில் புரட்டினான். நான் அவன் காதைக் கடித்தேன். அவன் என் முன்பல்லைக் கழற்றினான். மாணிக்கண்ணை விலக்கவில்லை. நாங்கள் களைத்து விழுந்த பிறகு இரண்டு பேருக்கும் தண்ணீர் தந்தார்.

மறுநாள் தலை ஈரம் காயாமல் போனேன். காதில் மஞ்சளை அப்பிக்கொண்டு நடராசா எனக்கு முன்பே அங்கே குந்தியிருந்தான்.

"நீ முழுகினியோ எண்டு பாக்க வந்தனான்," என்றான்.

மாணிக்கண்ணை என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் துவக்கை நீட்டினார். வாங்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் நான் பல்லில்லாமல் இளிக்க, நடராசா விழுந்து விழுந்து சிரித்தான்.

பின்னர் போர்க்காலம் வந்து, அவர் சொல்லுக்கு அடங்காத துவக்குகள் ஊரில் மலிந்தன. தவறணைச் சட்டம் ஊரைக் காக்காது என்று அவரிடமே சொன்னேன். "எனக்கு இந்த வாசல் மட்டும்தானே தம்பி," என்றார். அவர் இருந்தவரை அந்த வாசலுக்குள் எவரும் சாகவில்லை.

செத்தவீட்டுக்கு நடராசா சைக்கிள் உழக்க, நான் பின்னால் இருந்து போனேன். வழியெல்லாம் வேலிச் சண்டைதான். கதியால் இன்னும் அந்த ஒரு முழம் உள்ளேதான் நிற்கிறது. மாணிக்கண்ணை எனக்கு வைத்துவிட்டுப் போனது, சண்டை பிடிக்க உயிரோடு ஒரு மச்சான்.