செக்யூர் பூட்டை அணைத்த ஞாயிற்றுக்கிழமை

எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். மகளின் படிப்புக்காக வாங்கியது. தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு உக்கடம் பக்கம் குடிபோனபோது அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. அவளைப் பற்றி இவரிடமும் இவரைப் பற்றி அவளிடமும், யாரும் கேட்காமலே நான் சொல்லிக்கொண்டிருப்பேன். போகப் போக அதுவும் அலுத்துவிட்டது.

இவர் பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். பில் போடும் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் எடுப்பவள். இந்த செமஸ்டரிலிருந்து எங்களுக்கு எல்லாமே லினக்ஸ். இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன்.

லினக்ஸ் பென்டிரைவைச் செருகினால் லேப்டாப் ஏற்கவே மாட்டேன் என்றது. அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்தேன். தனக்குத் தெரியாத எதையும் தொடக்கத்திலேயே தடுத்துவிடும் பாதுகாப்பு அது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் நீலத்திரை வந்து நின்றது. நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவி கொடுத்தால்தான் விண்டோஸ் திறக்குமாம். பயந்துபோய்ப் பழையபடியே மாற்றி வைத்தேன். அப்போதும் கேட்டது.

இவர் குளித்துவிட்டு வந்தார். "ஏம்புள்ள, ஆச்சா? நாளைக்குப் பில்லு அனுப்போணும்."

"பூட்டிக்கிச்சுங்க. சாவி நம்ம புள்ளயோட கணக்குலதான் இருக்கும். அவ மெயில் போட்டுத்தானுங்களே இதைத் தொறந்தது."

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தன் கணக்கைத் திறந்து, ஆறாறு எண்களாகப் படிக்க ஆரம்பித்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டினேன். எங்கோ ஒரு எண் தப்பி, திரை ஏற்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. எனக்குக் கண் எரிந்தது.

"தள்ளு" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் முதலிலிருந்து படித்தாள். இவர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். பாதியில் விரல் நின்றது.

"மறுக்கா சொல்லு. ஏழா, ஒன்னா?"

 

"ஏழுங்கப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு இன்னும் மெதுவாகப் படித்தாள். கடைசி எண்ணும் போட்டதும் விண்டோஸ் திறந்தது.

"தொறந்துருச்சு" என்றார், திரையைப் பார்த்தபடி.

"வெச்சறட்டுங்களாப்பா?"

"ம்."

இவர்கள் பேசிக்கொள்ளும் நாளை நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். அழுகை இருக்கும், கோபம் இருக்கும், நான் நடுவில் நின்று சமாதானம் செய்வேன் என்றெல்லாம். கடைசியில் ஒரு ஏழோடு முடிந்தது. சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

நாளைய பில்லைப் போட்டு வைத்துவிட்டு இவர் வெளியே போனார். நான் இந்தமுறை விண்டோஸுக்குள்ளேயே, சாவி கேட்ட அந்த டிஸ்க் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு, அப்புறம்தான் பயாஸுக்குப் போனேன். மத்தியானத்துக்குள் லினக்ஸ் ஏறிவிட்டது. லேப்டாப்பைப் போட்டதும் விண்டோஸா லினக்ஸா என்று கேட்கிறது. திங்கட்கிழமை லேபுக்கு அது போதும்.

சாயந்திரம் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. "அம்மா, அப்பா பேசறப்ப மூச்சு எளைக்குதே. எப்ப இருந்து?"

பட்டறைத் தூசு, கொஞ்ச நாளாகவே இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார் என்று எழுதினேன். உடனே ஒரு டாக்டரின் பெயரையும் விலாசத்தையும் அனுப்பினாள்.

ராத்திரி தட்டு வைக்கும்போது மகள் சொன்ன டாக்டரைப் பற்றி இவரிடம் சொன்னேன். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எங்க இருக்காராம் அந்த டாக்டரு?" என்றார்.

"உக்கடம் பக்கமாமுங்க."

சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சனிக்கெழம பட்டறைக்கு லீவு உட்டுறலாம்" என்றார்.