முனீஸ்வரி நீட்டிய கை

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் யாருக்கு எதற்கு ஆள் வேண்டுமென்றாலும் முதலில் முனீஸ்வரியைத்தான் தேடுவார்கள். ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டால் அக்கம்பக்கத்துப் பைகளையெல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு அவளே வரிசையில் நிற்பாள். திருமங்கலம் பஸ் ஓரங்கட்டுவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, பின்னால் வரும் பெண்களுக்கும் சேர்த்து இடம் பிடிப்பாள். நூறு நாள் வேலைக்குப் பக்கத்து வீட்டு மலையம்மாள் வராத அன்றைக்கு, பேர் வாசிக்கும்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை உயரும். அது யாருடைய கை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டமோ, கரண்ட் ஆபீசோ, "முனிசு, ஒரு எட்டுப் போயிட்டு வந்துரேன்த்தா" என்று சொன்னால் போதும், செருப்பை மாட்டிவிடுவாள்.

அவள் வாக்கப்பட்டது கறிக்கடைக்காரர்கள் வீட்டில். புருஷன் சிவனாண்டியும் அவன் தம்பி அழகுபாண்டியும் ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரப் புளியமரத்தடியில் கடா வெட்டுவார்கள். மற்ற நாட்களில் அண்ணனுக்குக் காடு, தம்பிக்கு லோடு ஆட்டோ. ஒத்தக்கடையிலிருந்து நாகஜோதியை அழகுபாண்டி கட்டிக்கொண்டு வந்தபோது, காலேஜ் படித்த பெண் கறிக்கடையில் நிற்குமா என்று ஊர் வேடிக்கை பார்த்தது. நின்றாள். முதல் ஞாயிறே சேலையைத் தூக்கிச் செருகி, வாயகன்ற வட்டகையில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அறுபடும் கடாவின் கழுத்துக்குக் கீழே நீட்டி ரத்தம் பிடித்தாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. முனீஸ்வரிக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் முட்டிக்கொள்வார்கள் என்ற பேச்சு அந்த வீட்டில் எடுபடவில்லை.

அப்படிப்பட்ட நாகஜோதிக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும்.

பயம் என்று சொன்னால் சும்மா முகத்தைச் சுளிப்பது இல்லை. மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போதே அவளுக்குக் காது அடைக்கும். பஞ்சில் நனைத்த ஸ்பிரிட் வாசம் ஏறியதும் உடம்பு சில்லிட்டு வேர்க்கும். பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும். கர்ப்பம் உறுதியான மாதம் முதல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தபோது நாற்காலியோடு சரிந்து விழுந்தாள். தாடையில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. அந்தத் தையலுக்கு இன்னொரு ஊசி.

"ஆட்டு ரத்தம் அம்புட்டையும் அலுங்காம அள்ளுறா. தன் ரத்தம் ஒரு சொட்டுக் குடுக்க இம்புட்டு அலப்பறையா?" என்றாள் மாமியார் ஒச்சம்மாள்.

"ஆட்டுக்கு யாரும் ஊசி குத்துறதில்லையே அத்த," என்றாள் நாகஜோதி, தாடைக் கட்டோடு.

வீடே சிரித்தது. முனீஸ்வரியும் சிரித்தாள். அந்த வருஷம் அவளும் இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதம்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வரச் சொன்ன செவ்வாய்க்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் திருவிழாக் கூட்டம். சுற்றுப்பட்டியில் உள்ள கர்ப்பிணிகள் எல்லோரும் அன்றைக்குத்தான் வருவார்கள். வந்ததும் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அந்த இரண்டு மணி நேரமும் நாகஜோதி முனீஸ்வரியின் மணிக்கட்டை விடவே இல்லை.

"அக்கா, காது அடைக்குதுக்கா."

"இன்னும் கூப்புடவே இல்லடி."

"கூப்புடுவாங்கள்ல."

முதலில் முனீஸ்வரியைக் கூப்பிட்டார்கள். வயதான நர்சம்மா ஒருவர் இடது கையில் எடுத்து அனுப்பினார். பஞ்சை அமுக்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், அடுத்த அறையிலிருந்து நாகஜோதியின் பெயர் வந்தது.

நாகஜோதி எழுந்துவிட்டாள். ஒரு கை சுவரில். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. முனீஸ்வரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு."

"கூப்புடுறாங்கக்கா."

"சும்மா உக்காருங்கிறேன்ல. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு விழுந்து தொலைக்கப் போற. நான் குடுத்துட்டு வாரேன்."

"ஐயோ, உனக்குத்தான் எடுத்தாச்சேக்கா."

"அந்தக் கையில எடுத்தாச்சு. இந்தக் கை சும்மாதான கெடக்கு?"

"என் சீனிய உன் ரத்தத்துல எப்படிப் பாப்பாங்க?"

முனீஸ்வரிக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. "ஒரே அடுப்பு, ஒரே பானை. காலையில நீ தின்ன இட்டிலியத்தான் நானும் தின்னேன். உனக்கு மட்டும் தனியாவாடி சீனி ஏறும்?"

அறைக்குள் புதிதாக வந்திருந்த லேப் பெண் ஸ்யாமளா, முகக்கவசம் போட்டு, குனிந்த தலை நிமிராமல் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். மதுரையிலிருந்து பஸ் ஏறி வருகிற சின்னப் பெண். வாசலில் கூட்டம் நெருக்கியது. சுவரோரம் ரெக்சின் கிழிந்த ஒரு கட்டில் கிடந்தது. முனீஸ்வரி கைப்பையை அதன்மேல் வைத்துவிட்டு வலது கையை நீட்டினாள்.

"பேரு?"

"நாகஜோதி."

"வீட்டுக்காரர் பேரு?"

"அழகுபாண்டி."

கொழுந்தன் பேரைப் புருஷன் பேராகச் சொல்லிவிட்டு வந்ததை நினைத்து, திரும்பும் பஸ்ஸில் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். முடிவு வந்தது. இருவருக்கும் சர்க்கரை சரியாக இருந்தது. "நான்தான் சொன்னேன்ல," என்றாள் முனீஸ்வரி.

அதற்குப் பிறகு நாகஜோதியின் வயிறு வேகமாக ஏறியது. தண்ணீர் தண்ணீர் என்று தவித்தாள். கிராமத்துக்கு வரும் நர்ஸ், "வயிறு மாசத்துக்கு மேல தெரியுதே, சுகர் பாத்தீங்களா?" என்று கேட்டதற்கு முனீஸ்வரிதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "அதெல்லாம் பாத்தாச்சு நர்சம்மா. நல்லா இருக்கு." அது மாம்பழக் காலம். சாப்பாட்டுக்குப் பிறகு பழத்தைச் சீவித் தட்டில் அடுக்கி ஓரகத்தியின் கையில் கொடுப்பதும் அவள்தான். கடாக்குட்டி மாதிரிப் பிள்ளை வரப்போகிறது என்று ஒச்சம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முனீஸ்வரிக்குத்தான் முதலில் பிரசவமானது. கவின், இரண்டு கையையும் உதறி அழுதுகொண்டே வந்தான். சில வாரம் கழித்து நாகஜோதியைத் திருமங்கலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலி நன்றாக வந்தது. தலையும் வந்தது. பிள்ளை பெரிது, தோள் மாட்டிக்கொண்டது. உள்ளே என்ன நடந்தது என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியாது. ஓடுகிற செருப்புச் சத்தமும் "அமுக்குங்க, அமுக்குங்க" என்ற குரலும் மட்டும் கேட்டன. டாக்டரம்மா தாயையும் பிள்ளையையும் உயிரோடு கொடுத்துவிட்டார். பெண் குழந்தை. ஆனால் வலது கை மட்டும் கழுவிப் போட்ட துணி மாதிரி பக்கத்தில் கிடந்தது.

"தோள்ல உள்ள நரம்பு இழுபட்டிருக்கு. பயிற்சி குடுத்தா ஓரளவு சரியாகும். எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. பிறகு கேட்டார்: "இவங்களுக்கு இப்ப சுகர் ரொம்ப அதிகமா இருக்கு. அதான் பிள்ளை இவ்வளவு பெருசா வளந்திருக்கு. மாசமா இருக்கும்போது டெஸ்ட் எடுக்கலையா? தெரிஞ்சிருந்தா சாப்பாட்டுலயே கட்டுப்படுத்தியிருக்கலாம். ஆபரேஷனுக்கும் முன்னாடியே முடிவெடுத்திருப்போம்."

முனீஸ்வரி வாயைத் திறந்தாள். அதற்குள் அழகுபாண்டி, "எடுத்தோம் டாக்டர். நார்மல்னாங்க. மதினிதான் கூடப் போயி எல்லாத்தையும் பாத்துக்கிருச்சு," என்றான். அவன் குரலில் நன்றி இருந்தது.

அழகுபாண்டி சும்மா விடவில்லை. மறுவாரமே சுகாதார நிலையத்துக்குப் போய் ஸ்யாமளாவைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "என்னத்தம்மா டெஸ்ட்டு எடுத்தீங்க? படிச்சுத்தான வந்தீங்க?" கூட்டம் கூடிவிட்டது. "நான் சரியாத்தான் பாத்தேன் அண்ணே, சத்தியமா சரியாத்தான் பாத்தேன்," என்று அந்தப் பெண் அழுதாள். தகராறாகிவிடக் கூடாதே என்று அவனோடு துணைக்குப் போயிருந்த முனீஸ்வரி, இடுப்பில் கவினை வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழந்தைக்குத் தன்ஷிகா என்று பேர் வைத்தார்கள். வாரம் தவறாமல் மதுரைக்குப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போனவள் பெரியம்மாதான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பாள். வீட்டில் எண்ணெய் தொட்டு அந்தச் சின்னக் கையை மேலே தூக்கி இறக்குவாள். விரல்கள் பிடிக்க ஆரம்பித்தன. முழங்கை மடங்கியது. கை தோள்மட்டம் வரை வந்தது. அதோடு நின்றுவிட்டது.

ஒரே முற்றத்தில் கவினும் தன்ஷிகாவும் வளர்ந்தார்கள். தூக்கச் சொல்லி வரும்போது கவின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருவான். தன்ஷிகா இடது கையை மட்டும் உயர்த்துவாள். முனீஸ்வரி அவளைத்தான் முதலில் தூக்குவாள். கவின் கோபித்துக்கொண்டு கோழியை விரட்டுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஓரகத்திகள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருத்தி தொடங்கினால் தானும் பேசலாம் என்று இருவருமே இருந்தார்களோ என்னவோ. முனீஸ்வரியின் மனதில் அந்த நாள் ஒரு மாதிரியாகப் பதிந்திருந்தது: நாகஜோதி கண்ணால் கெஞ்சினாள், தான் மனசு கேட்காமல் போனாள். தப்புத்தான், ஆனால் பாசத்தில் செய்த தப்பு. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கி எழுந்தாள்.

தன்ஷிகாவுக்கு மூன்று வயதாகும்போது நாகஜோதி மறுபடி உண்டானாள். இந்தத் தடவை ஆரம்ப மாதத்திலேயே சர்க்கரை பார்க்க வேண்டும் என்றார்கள். தன்ஷிகாவையும் தூக்கிக்கொண்டு மூவரும் பஸ்ஸில் போனார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாகஜோதி வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"நான் அன்னைக்கு எந்திரிச்சுட்டேன்க்கா."

முனீஸ்வரிக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"பேரக் கூப்புட்டதும் எந்திரிச்சேன். நீதான் சேலையப் பிடிச்சு உக்கார வச்ச."

"ஜோதி..."

"சண்டைக்குச் சொல்லலக்கா. போயிருந்தா விழுந்திருப்பேன். தாடையில இன்னொரு தையல் போட்டிருப்பாங்க. அம்புட்டுத்தான்."

கண்டக்டர் சில்லறைக்குக் கத்திக்கொண்டு போனார். முனீஸ்வரி தன் வலது கையைப் பார்த்தாள். அந்த நைலக்ஸ் சேலையின் வழுவழுப்பு, இழுத்தபோது அது விறைத்து எதிர்த்தது எல்லாம் இப்போது உள்ளங்கையில் இருந்தது. எழுந்து நின்றவளைத்தான் உட்கார வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் அதை மட்டும் எப்படி மறந்து வைத்திருந்தாள்?

சுகாதார நிலையத்தில் ஸ்யாமளாதான் இருந்தாள். கொஞ்சம் சதை போட்டு, கண்ணாடி போட்டிருந்தாள். குளுக்கோஸ் தண்ணீர் குடித்துக் காத்திருந்து, பேர் கூப்பிட்டதும் நாகஜோதி எழுந்தாள். பழக்க தோஷத்தில் முனீஸ்வரியும் கூட எழுந்தாள்.

"நீ பிள்ளைய வச்சுக்கிட்டு வெளிய இருக்கா," என்றாள் நாகஜோதி. பாதி மூடிய திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

முனீஸ்வரி திரையோரமாக நின்றாள். உள்ளே நடந்தது எல்லாம் காதில் விழுந்தது.

"சிஸ்டர், எனக்கு ஊசின்னா மயக்கம் வரும். போன பிள்ளைக்கு மொதத் தடவ எடுக்கும்போது விழுந்து தாடையக் கிழிச்சுக்கிட்டேன். படுத்துக்கிட்டுக் குடுக்கட்டுமா?"

"தாராளமா. அதான் கட்டில் கெடக்கே. நெறையப் பேருக்கு இப்படி வருங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. சுவத்தப் பாத்துத் திரும்பிக்கோங்க. ரெண்டு தொடையையும் இறுக்குங்க... விடுங்க... மறுபடி இறுக்குங்க, அப்ப மயக்கம் தட்டாது. பேசிக்கிட்டே இருங்க."

"என்னத்தப் பேச?"

"ஞாயித்துக்கெழம உங்க வீட்டுல என்ன?"

"கறிக்கடைங்க எங்களது. ரத்தப் பொரியல். சின்ன வெங்காயம் நெறைய அரிஞ்சு... சீரகம், வரமிளகா கிள்ளிப் போட்டு..." குரல் நடுங்கியது. நின்றது. மறுபடி வந்தது. "தேங்காய்ப்பூ கடைசியா... தூவி எறக்கணும்."

"முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா?"

"எப்பவோ. அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருங்க."

இவ்வளவுதானா? முனீஸ்வரிக்குத் திரை இடுக்கில் அந்தக் கட்டிலின் கால் தெரிந்தது. அதே கட்டில். ரெக்சினுக்கு மேல் இப்போது ஒரு துணி விரித்திருந்தார்கள். அன்றைக்கு அதன்மேல்தான் கைப்பையை வைத்தாள்.

உள்ளே நாகஜோதி மறுபடி பேசினாள். "சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ வந்து உங்கள ரொம்ப ஏசிட்டாரு. ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? கறிக்கடைன்னதும் நெனச்சேன். ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு."

"அது உங்க தப்பு இல்ல. அன்னைக்கு நான் ரத்தமே குடுக்கல. பயந்துக்கிட்டு வேற ஆள அனுப்பி விட்டேன்."

குழாயைத் தாங்கியில் செருகுகிற சத்தம் கேட்டது.

"யார அனுப்புனீங்க?"

"கூட்டத்துல ஒருத்தி. எம் மேலதான் தப்பு."

திரைக்கும் முனீஸ்வரிக்கும் நடுவில் ஓர் எட்டு தூரம் கூட இல்லை. விலக்கிக்கொண்டு போய், "ஒருத்தி இல்லம்மா, நான்தான். எந்திரிச்சவள உக்கார வச்சதும் நான்தான்," என்று சொல்லியிருக்கலாம். இடுப்பில் தன்ஷிகா கனத்தாள். பெஞ்சில் இருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

நாகஜோதி முழங்கையை மடக்கிப் பஞ்சை அமுக்கியபடி வெளியே வந்தாள். உதடு வெளுத்திருந்தது, ஆனால் நேராக நடந்து வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் தன்ஷிகா இடது கையை உயர்த்தித் தாவினாள்.

"இருடி, அம்மா ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கேன். கை வலிக்கும். பெரியம்மாகிட்டயே இரு," என்றாள் நாகஜோதி.

முனீஸ்வரி குழந்தையை இறக்காமல் இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில், மேலே ஏறாத அந்த வலது கை வந்து படிந்தது.