தானாக மாறும் கியர்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தபோது வயது ஐம்பத்தாறு. நடை சில மாதங்களில் திரும்பியது. வலது கை முழுதாகத் திரும்பவில்லை. எதையாவது பற்றிக்கொள்ளும், பெருவிரலால் அழுத்தத்தான் பலமில்லை. அவருடைய மவுண்டன் பைக்கில் பின்சில்லின் கியரை மாற்ற அந்த விரல்தான் வேண்டும்.

உடுவிலிலிருந்து கீரிமலைக்கு மிதித்துப் போய், கேணியில் குளித்துவிட்டு வருவது அவருடைய காலை வழக்கம். பெயரில் தவிர மலையே இல்லாத ஊரில் கியர் எதற்கென்று கேட்பவர்கள், தெற்கேயிருந்து வீசும் சோளகக் காற்றுக்கு எதிரே மிதித்திருக்க மாட்டார்கள். சைக்கிள் ஓடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும் அவர் அதைத் தொடவில்லை. விறாந்தைச் சுவரில் சாத்தியபடியே நின்றது.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் கற்பிக்கிறேன். அவரிடம் கேட்காமலே வேலையைத் தொடங்கினேன். கியர்க் கம்பியை இழுக்க ஒரு சிறிய மோட்டார், சுழலும் சில்லின் வேகத்தை அறிய ஒரு காந்தமும் உணரியும், இரண்டையும் இயக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு சுற்றுப்பலகை. வேகம் குறைந்தால் கியர் இலகுவாகும், கூடினால் இறுகும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் மிதியைச் சுற்றிப் பார்த்தபோது பிழையில்லாமல் ஓடியது.

முதல் நாள் நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். தெல்லிப்பழை தாண்டியதும் ஓர் ஆடு குறுக்கே வந்தது. அவர் மிதிப்பதை நிறுத்தி பிரேக்கைப் பிடித்தார். வேகம் குறைந்ததை மட்டுமே அறிந்த என் பலகை, சங்கிலி ஓடாமல் நின்ற நேரத்தில் கியரை மாற்றியது. அவர் மறுபடி மிதித்ததும் சங்கிலி கழன்றது. கால் வழுக்கி வலப்பக்கமாக விழுந்தார். ஊன்றிக்கொள்ள அந்தக் கை வரவில்லை.

கன்னத்திலும் முழங்கையிலும் தோல் உரிந்திருந்தது. வீட்டில் அவருடைய காயத்தைக் கழுவினேன். என் பிழைதான் என்றேன்.

“விழுந்ததைப் பற்றிக் கதைக்கேல்லை,” என்றார். “என்ரை கை நான் சொல்லுறதைக் கேக்குதில்லை. இப்ப சைக்கிளும் கேக்குதில்லை. நீர் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

கம்பி எத்தனை மில்லிமீற்றர் நகர வேண்டும் என்று நாட்கணக்கில் அளந்த நான், அவர் எப்படி ஓடுவார், எங்கே மெதுவாவார் என்று ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் குறிப்பெழுதக் கொப்பியோடு அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் இரண்டு விஷயங்கள் சொன்னார். கால் மிதிக்காதபோது பலகை கியரைத் தொடக்கூடாது. வேண்டாம் என்று நினைத்த நேரத்தில் அதை நிறுத்த, இடது பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு பொத்தான் இருக்க வேண்டும். மிதியருகே இன்னொரு உணரி பொருத்தினேன். பொத்தானை எங்கே வைப்பது என்று அவரே விரலை வைத்துக் காட்டினார்.

சில நாட்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையிலேயே ஓடிப் பார்த்தார். பிறகு ஒரு காலை, நான் ஸ்கூட்டரை வெளியே எடுத்தபோது வாசல் படலையடியில் நின்று திரும்பினார்.

“நீர் நில்லும். நான் போட்டு வாறன்.”

ஹெல்மெற்றைக் கழற்றினேன். அவர் வரும்வரை ஒரு வேலையும் ஓடவில்லை. வழமையைவிடப் பிந்தி, தலைமயிர் ஈரத்தோடு வந்து இறங்கினார். பொத்தானை அழுத்தினீர்களா என்று கேட்டேன்.

“போகேக்கை நிப்பாட்டிப்போட்டன். வரேக்கை சரியான காத்து. அதுவே மாத்தட்டுமெண்டு அதின்ரை பாட்டிலை விட்டிட்டன்.”

கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சில நாட்களில் போகவும் வரவும் அதை நிறுத்திவைத்து ஒரே கியரில் ஓடிவிட்டு, மூச்சு வாங்க வந்து உட்காருவார். நான் தேத்தண்ணீர் கொடுப்பேன். ஏன் என்று கேட்பதில்லை.