ஏழாம் நம்பர் பனியன்

யேசுதாஸுக்கு வளைவு வராது என்று பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கேலி உண்டு. பட்டுச் சேலைக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து பழகிய கை அது. எந்த எழுத்தை எழுதினாலும் தடித்த பட்டையாக, முனைகளைச் சாய்த்து வெட்டியதாகத்தான் வரும். "இன்னாபா இது, எழுத்து சண்டைக்கு வருது?" என்று போர்டு எழுதச் சொன்ன கடைக்காரர்களே திருப்பி அனுப்பினார்கள். கல்லூரிக் கபடிப் பெண்களுக்கோ அந்தச் சண்டைக்கார எழுத்துதான் வேண்டியிருந்தது. அமெரிக்கக் காலேஜ் பனியன் மாதிரியே இருக்கிறதாம். தாயில்லாத மகள் லில்லி தன் டீமின் பனியன்களைக் கொண்டுவந்து போட்ட பிறகு, அந்த வட்டாரத்தில் பனியன் நம்பர் என்றாலே யேசுதாஸ் என்றாயிற்று.

லில்லிக்கு ஏழாம் நம்பர். அட்டையில் வெட்டிவைத்த எண்களில் அவருக்கே பிடித்தது அதுதான். 2005இல் ஒருநாள், அதே டீமில் ஆடும் தென்னேரிப் பெண் தீபிகா வெற்றுப் பனியனோடு வந்து நின்றாள்.

"எனக்கும் ஏழே போட்டுக் குடுங்க அங்கிள். நான் சப்ஸ்டிட்யூட்தான? லில்லி வெளிய வந்தாத்தான் நான் உள்ள போவேன்."

"மாஸ்டரு திட்டப்போறாரும்மா" என்றார் யேசுதாஸ். ஆனால் தன் எழுத்தை ஒருத்தி ஆசைப்பட்டுக் கேட்டால் மறுக்கத் தெரியாத மனுஷர். யாரிடமும் சொல்லாமல் போட்டுவைத்தார். போட்டியன்று காலை அதை வாங்கிக்கொண்டுதான் அவள் லில்லியோடு வேன் ஏறினாள்.

வேன் வாலாஜாபாத் தாண்டிக் கவிழ்ந்தது. அடிபட்டவர்களை ஆளுக்கொரு ஆஸ்பத்திரியாகப் பிரித்துக் கொண்டுபோனார்கள். ஏழாம் நம்பர் போட்ட பெண் இறந்துவிட்டாள் என்று மட்டும் போன் வந்தது.

தெருவே யேசுதாஸைக் கட்டிக்கொண்டு அழுதது. அவர் அழவில்லை. ஏழு இரண்டு என்று அவருக்கு மட்டும்தானே தெரியும்! "ஆண்டவரே, அந்தப் பொண்ணா இருக்கட்டும்" என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனார். பாவம்தான். பெற்ற மனம் பாவ புண்ணியம் பார்க்குமா?

ஆஸ்பத்திரி வாசலில் தீபிகாவின் அம்மா அங்கம்மாள் நின்றிருந்தாள். மகளுக்கு எங்கே வைத்தியம் நடக்கிறது என்று தேடி வந்தவள், அவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"தங்கமான பொண்ணாச்சேண்ணே லில்லி! எங்கூட்ல எத்தினி வாட்டி சாப்ட்டுக்குது!"

யேசுதாஸ் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார். துணியை விலக்கிக் காட்டினார்கள். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. நெஞ்சில் சிலுவை போட்டபடி வெளியே ஓடி வந்தார்.

"எம் பொண்ணு இல்லமா! லில்லி இல்ல!"

"தாயே, காமாட்சி!" அங்கம்மாள் கை கூப்பினாள். அவருக்காகவே சந்தோஷப்பட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அது யாருண்ணே? எவ பெத்த புள்ளயோ?"

யேசுதாஸின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. அங்கம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே பதிலுக்காக நின்றாள்.