சிதறால் மலையும் இரண்டாவது ஓலையும்

சிதறால் மலையைப் பார்க்க வெகுநாள் ஆசை. ஆனால் போன மாதம் மதுரையிலிருந்து பஸ் ஏறியது என் நண்பன் ஜெபாவின் கல்யாணச் சிக்கலுக்காக. மார்த்தாண்டம் பக்கத்து புராட்டஸ்டன்ட் குடும்பம். துபாயில் அறைத் தோழராக இருந்த சிங்களவரிடம் தியானம் கற்றுக்கொண்டவன், காலையில் சின்ன புத்தர் சிலையை வணங்காமல் சாயா குடிக்க மாட்டான்.

இங்கே சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். ஆட்சேபம் இருந்தால் எழுந்து சொல்லலாம். முதல் ஓலை முடிந்ததும் சிலை விஷயம் பெண்ணின் அப்பா காதுக்குப் போய்விட்டது. ரப்பர் தோட்டக்காரர், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

"அது மதமா, தத்துவமா? சனிக்கெழம வந்து சொல்லு. மதம்ணா ரெண்டாவது ஓலையில எந்திச்சு நிப்பேன்" என்று சொல்லிவிட்டாராம்.

சனிக்கிழமை காலை மார்த்தாண்டத்திலிருந்து ஆட்டோ. ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். டிரைவர் "மேல புத்தர் இருக்காரு" என்றார். இல்லை, மேலே இருப்பவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். நீங்களும் ஏமாந்துவிடாதீர்கள். கல் பாவிய பாதையில் இருபது நிமிட ஏற்றம். மேலே கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். வெயிலுக்கு முன் ஏறிவிடுவது உடம்புக்கு நல்லது.

பாறைச் சிற்பங்களின் நிழலில் உட்கார்ந்து என் மேதாவித்தனத்தை அவிழ்த்துவிட்டேன். "படைத்த கடவுள் உண்டு என்று புத்தர் சொன்னாரா? அப்புறம் என்ன மதம்? தத்துவம் என்று சொல்லிவிட்டு தாலியைக் கட்டுடா."

ஜெபா சிரிக்கவில்லை. "தத்துவத்துக்க முன்னால எவனாவது முட்டுக்குத்துவானா மக்கா? நான் தெனமும் முட்டுக்குத்துகேனே." மண்டியிடுவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்.

மாலையில் பெண் வீட்டிலும் அதையேதான் சொன்னான். "எனக்கு அது மதந்தான் மாமா. சர்ச்சுலயும் முட்டுக்குத்துகேன். ரெண்டும் உள்ளதுதான்." அவன் கட்டிக்கொள்ளப்போகும் ஷீபா கதவோரம் அசையாமல் நின்றாள். அவள் அப்பா "சாயா குடிங்க" என்றார், அவ்வளவுதான். எனக்குக் கோபம் பொங்கியது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் குடியா முழுகிவிடும்?

ஞாயிறு ஆராதனை. போதகர் பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த மாமாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. போதகர் அடுத்த ஜோடியின் பெயருக்குப் போனார். ஷீபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பொறுக்கமாட்டாமல் அவரிடமே கேட்டேன். மதம் என்றுதானே சொன்னான்?

"அவன் அந்தச் செலைக்க முன்னால முட்டுக்குத்தி நிக்க போட்டோவ எம்மவ எனக்கு முன்னாடியே காட்டிட்டா" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. "தத்துவம்ணு சொல்லியிருந்தாம்னா எந்திச்சிருப்பேன்."